பை சோதனை, போன் சோதனை, யுஏபிஏ: மும்பை வக்கீலிடம் கேளுங்கள்

மும்பையில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன், குடியிருப்பது மாட்டுங்கா. தீவிரவாதத் தடுப்பு என்ற பெயரில் நடக்கும் சோதனை, கைது, யுஏபிஏ எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் பற்றி நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

செல்வி, தாராவி: அக்கா, ரயில்வே ஸ்டேஷனில் பையைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தேன். அப்புறம் போனையும் அன்லாக் பண்ணச் சொன்னார்கள். முடியாது என்று சொல்லலாமா?

பையைக் காட்டிவிடுங்கள், அத்தனை கூட்டம் ஏறி இறங்கும் இடத்தில் அதற்கு நியாயம் இருக்கிறது, அரை நிமிஷ வேலை. போன் அப்படியில்லை. பேங்க் கணக்கு, டாக்டர் ரிப்போர்ட், தங்கச்சியிடம் மாமியாரைப் பற்றிப் புலம்பியது எல்லாம் அதில்தான் கிடக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். வழக்கு எதுவும் இல்லாமல் வழியில் போகிறவரின் வாட்ஸ்அப்பைத் தள்ளித் தள்ளிப் பார்க்க போலீசுக்குப் பொதுவான அதிகாரம் கிடையாது. "எந்த கேஸ் சார், நோட்டீஸ் கொடுங்க" என்று அமைதியாகக் கேளுங்கள். பிடுங்கினால் மட்டும் மல்லுக்கட்டாதீர்கள், கடமையைச் செய்யவிடாமல் தடுத்ததாக உங்கள் மேலேயே கேஸ் போடுவார்கள். போலீஸ்காரர் சட்டையில் இருக்கும் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

முருகேசன், செம்பூர்: தப்பு செய்யாதவன் ஏன் பயப்படணும் மேடம்? 26/11 அன்றைக்கு இந்த ஊரில் இருந்தவன் நான். உயிர் இருந்தால்தானே உரிமை?

உங்கள் பயம் புரிகிறது சார், 2008 நவம்பர் 26 தாக்குதலில் 166 பேர் செத்த ஊர் இது. ஆனால் 2006 ஜூலை 11-ஐயும் நினைத்துப் பாருங்கள். வெஸ்டர்ன் லைன் ரயில்களில் 7 குண்டு, 180-க்கும் மேல் சாவு. 2015-ல் தனி நீதிமன்றம் 5 பேருக்குத் தூக்கும் 7 பேருக்கு ஆயுளும் கொடுத்தது. 2025 ஜூலையில் பாம்பே ஹைகோர்ட் அந்த 12 பேரையும் விடுவித்தது, வாக்குமூலமும் அடையாள அணிவகுப்பும் நிற்காது என்று. அதற்குள் அவர்களில் ஒருவர் சிறையிலேயே இறந்துவிட்டார். அரசு அப்பீலுக்குப் போயிருக்கிறது. தீர்ப்பை வேறு வழக்குகளில் முன்னுதாரணமாகக் காட்டக்கூடாது என்ற உச்ச நீதிமன்றம், வெளியே வந்தவர்களைத் திரும்ப உள்ளே போகச் சொல்லவில்லை.

ரயிலில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளுக்கு, குண்டு வைத்தது யார் என்பதற்கு 19 வருஷம் கழித்தும் பதில் இல்லை. இத்தனைக்கும் அது மகோகா, அதாவது மகாராஷ்டிராவின் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்ட வழக்கு, எஸ்.பி. அந்தஸ்துள்ள அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே அதில் சாட்சியம். அப்படி ஒரு குறுக்குவழி கையில் இருந்தால் எவன் வெயிலில் அலைந்து தடயம் தேடுவான்? கடுமையான சட்டம் விசாரணையைச் சோம்பேறியாக்குகிறது என்பது என் கருத்து, கோபப்படாதீர்கள்.

26/11-ஐயே எடுங்களேன், ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. பத்வார் பார்க் மீனவர் குடியிருப்பில் படகிலிருந்து இறங்கியவர்களை அங்கிருந்த ஜனங்கள் பார்த்து, யார் நீங்கள் என்று கேட்டும் இருக்கிறார்கள். என்எஸ்ஜி என்ற தேசிய பாதுகாப்புப் படை கமாண்டோக்கள் டெல்லி பக்கமிருந்து பறந்து வர வேண்டியிருந்தது. 2009-ல் மும்பை, சென்னை உட்பட நாலு நகரங்களில் என்எஸ்ஜி மையம் வைத்தார்கள் பாருங்கள், அது உருப்படியான வேலை. அதற்காக யார் போனையும் திறக்க வேண்டியிருக்கவில்லை.

இஸ்மாயில், ஆன்டாப் ஹில்: வாடகைக்குப் போனால் போலீஸ் ஃபாரம் கேட்கிறார்கள். கொடுக்கணுமா?

கொடுங்கள் தம்பி. வாடகைக்கு வருபவர் விவரத்தை வீட்டுக்காரர் ஸ்டேஷனில் தரவேண்டும் என்று மும்பை போலீஸ் உத்தரவு போடுவது வழக்கம். பெயரைப் பார்த்துவிட்டு வீடு இல்லை என்பதற்கு மட்டும் எந்த உத்தரவும் இல்லை.

பெயர் வேண்டாம்: யுஏபிஏ என்றால் ஜாமீனே வராதா?

வராது என்றில்லை, குதிரைக்கொம்பு. சாதாரண வழக்கில் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்கலாம், இதில் 180 நாள் வரை நீட்டலாம். 43டி(5) பிரிவுப்படி, போலீஸ் தரப்புக் காகிதத்தைப் பார்த்தாலே முகாந்திரம் தெரிகிறது என்றால் ஜாமீன் இல்லை. 2019-ல் உச்ச நீதிமன்றத்தின் வட்டாலி வழக்குத் தீர்ப்பு இதை இன்னும் இறுக்கியது. விசாரணை இழுத்துக்கொண்டே போனால் ஜாமீன் தரலாம் என்று 2021-ல் நஜீப் வழக்கில் கொஞ்சம் தளர்ந்தது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் அமைப்பு மட்டுமல்ல, தனி ஆளையே தீவிரவாதி என்று அரசு அறிவிக்கலாம், கோர்ட் தண்டிக்கும் முன்னாலேயே. எனக்கு இது சுத்தமாக ஒப்பவில்லை.

அதே நபர்: தம்பியைக் கூட்டிப் போனால் முதலில் என்ன செய்ய?

எந்த ஸ்டேஷன், எந்த அதிகாரி என்று கேளுங்கள். கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள், யுஏபிஏ வழக்கிலும் அதைத் தரவேண்டும் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பயண நேரம் போக 24 மணிக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், போலீஸ் அடித்தார்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டால் பயப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப்பணி ஆணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம், மராத்தியில் இருந்தால் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.