கேளுங்கள், சொல்கிறேன்: கூப்பிட்டால் வரும் இன்ஜினியர்

கழிவுநீர் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்று, சுங்கை சிப்புட்டில் சும்மா இருக்கிறவன் என்று தெரிந்ததிலிருந்து, நாற்றம், குழாய், சாக்கடை என்று எந்தக் கடிதம் வந்தாலும் ஆசிரியர் என் பக்கம் தள்ளிவிடுகிறார். இந்த முறை வந்தவை ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்ததால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என் மகள் கலிபோர்னியாவில் ஊர்க் கழிவுநீரைப் பார்த்துக்கொள்ளும் பொது நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறாள். எப்போது போன் செய்தாலும் “ஆன் கால் கன்சல்டன்ட் எடுக்கிற வேலை தலைக்கு மேல் இருக்கும்மா” என்று வைத்துவிடுகிறாள். ஆன் கால் என்றால் ராத்திரியில் கூப்பிட்டாலும் ஓடி வருகிற ஆளா? அதற்கு ஆள் எடுக்க இத்தனை மாதமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, பெயரைக் கேட்டால் ஆம்புலன்ஸ் மாதிரிதான் தோன்றும். நீங்கள் தோட்டத்தில் வளர்ந்தவராக இருந்தால் இப்படிச் சொன்னால் பிடிபடும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் ஒருத்தர் எப்போதும் இருப்பார். காய்ச்சல், வெட்டுக்காயம், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, எல்லாம் அவர் கையில்தான். பெரிய டாக்டர் வேறு ஊரில் இருப்பார், பல தோட்டங்களுக்குச் சேர்த்து ஒருத்தர், சொன்ன நாளில் காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார், நடுவில் டிரெஸ்ஸருக்குக் கை மீறினால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அந்தப் பெரிய டாக்டர்தான் உங்கள் மகள் சொல்கிற ஆன் கால் கன்சல்டன்ட். டிரெஸ்ஸர் யார் என்று கேட்டால், உங்கள் மகள்தான்.

கழிவுநீர் நிறுவனத்துக்கு எத்தனை வகை ஆள் தேவைப்படுகிறது என்று பாருங்கள். பெரிய குழாயின் மேல்பகுதி கான்கிரீட்டை வாயு அரித்துத் தின்றுவிட்டதா என்று பார்க்க ஒருவர், அந்த இடத்தில் தோண்டினால் மண் சரியுமா என்று சொல்ல ஒருவர், பம்பு நிலையத்து மின்சாரத்துக்கு ஒருவர், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுக்கு இன்னொருவர், நிலம் அளக்க ஒருவர். வருஷத்தில் பத்து நாள் வேலைக்கு இவர்களையெல்லாம் மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்ள முடியுமா? சரி, வேலை வரும்போதெல்லாம் தனித்தனியாக டெண்டர் விடலாம் என்றால், டெண்டர் முடிவதற்குள் குழாயே உள்ளே இடிந்து உட்கார்ந்துவிடும்.

அதனால் முன்கூட்டியே ஒரு தடவை அறிவிப்பு விடுகிறார்கள். கம்பெனிகள் தங்கள் தகுதியை, முன்பு செய்த வேலைகளை, யார் யார் வந்து வேலை பார்ப்பார்கள் என்பதை எழுதிப் போடுகின்றன. ஒரு குழு உட்கார்ந்து மதிப்பெண் போட்டு, ஒவ்வொரு துறைக்கும் இரண்டு மூன்று கம்பெனியைப் பொறுக்கி எடுக்கிறது. மூன்று வருஷம், வேண்டுமானால் நீட்டிக்கலாம் என்கிற மாதிரி ஓர் ஒப்பந்தம். அதில் மணிக்கு இவ்வளவு என்று சம்பளப் பட்டியல், மொத்தமாக இதற்கு மேல் போகக் கூடாது என்று ஓர் உச்ச வரம்பு, தப்பாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தால் ஈடுகட்ட இன்சூரன்ஸ், எல்லாம் இருக்கும். கட்டாயம் வேலை தருவோம் என்று மட்டும் எங்கும் எழுத மாட்டார்கள். வேலை வரும்போது அதற்கு மட்டும் ஒரு தனி ஆணை: என்ன வேலை, யார் செய்வது, எத்தனை மணி நேரம், எந்தத் தேதிக்குள். இவ்வளவையும் எழுதி, வக்கீலிடம் காட்டி, நிறுவனத்தின் வாரியம் கையைத் தூக்கி ஒப்புதல் தருவதற்குள் மாதம் ஓடிவிடும். மகள் பொய் சொல்லவில்லை.

கேள்வி: எதற்கு இத்தனை மதிப்பெண்? யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்கே கொடுத்துவிட்டால் மக்கள் பணம் மிச்சம்தானே? (வாசகர், கூலிம்)

பதில்: குழாய் வாங்க, சிமென்ட் வாங்க, புல் வெட்ட, நீங்கள் சொல்வது சரி. ஒரே சரக்கு, விலை குறைந்தவனிடம் வாங்கு. ஆனால் யோசிக்கிற ஆளை அப்படி வாங்கினால் என்ன ஆகும் என்று எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பார்த்தாயிற்று. திருவிழாவுக்குப் பேர்போன நாதஸ்வரக்காரரைப் பேசினோம், கமிட்டியில் ஒருத்தர் பாதி விலைக்குப் படிய வைத்துவிட்டேன் என்று மார் தட்டினார். அன்றைக்கு வேனிலிருந்து இறங்கியது நாதஸ்வரக்காரருடைய அக்கா மகன், வயது பதினாறு இருக்கும். பாவம், நன்றாகத்தான் முயற்சி செய்தான். கோபப்பட்டும் பயனில்லை, துண்டுச் சீட்டில் “நாதஸ்வரம் ஒரு செட்” என்றுதான் எழுதியிருந்தோம்.

கன்சல்டன்ட் வேலையிலும் நடப்பது இதேதான். நேர்காணலுக்கு நரைத்த தலையோடு பெரிய இன்ஜினியர் வந்து எல்லாருக்கும் புரிகிற மாதிரி பேசுவார், ஆணை கைக்குப் போனதும் போன மாதம் பட்டம் வாங்கிய பையன் வந்து நிற்பான். விலையை நசுக்கினால் அவர்களும் ஆளை நசுக்குவார்கள். அதனால் முக்கியமான ஆட்களின் பெயர் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும், எழுத்தில் அனுமதி கேட்காமல் மாற்றக் கூடாது.

அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். 1972-இல் வந்த ப்ரூக்ஸ் சட்டம் மத்திய அரசு வேலைகளுக்குச் சொல்வது இது: இன்ஜினியர்களைத் தகுதியை வைத்து வரிசைப்படுத்து, முதலில் நிற்பவரோடு விலை பேசு, படியவில்லை என்றால் அவரை அனுப்பிவிட்டு அடுத்தவரிடம் போ. போனவரைத் திரும்பக் கூப்பிட்டுப் பேரம் பேசுவது கிடையாது. கலிபோர்னியாவின் சட்டமும் உள்ளூர்ப் பொது நிறுவனங்களை முதலில் திறமையும் தகுதியும் பார்க்கச் சொல்கிறது, விலை நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது. நம் மலேசியாவில் முறை வேறு, தொழில்நுட்பம் ஓர் உறை, விலை ஓர் உறை என்று தனித்தனியாக வாங்கி இரண்டையும் எடை போடுவார்கள். எந்த முறையாக இருந்தாலும், வரைபடத்துக்குக் கொடுக்கிற கூலி அந்த வரைபடத்தை வைத்துக் கட்டுகிற நிலையத்தின் செலவில் சின்னப் பங்குதான். அங்கே மிச்சம் பிடிக்கப் போய் முப்பது வருஷம் கரண்ட் பில்லில் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) பின்னால் கழிவுநீர் பம்பு நிலையம் இருக்கிறது. மழை வந்தால் வழிகிறது. கேட்டால் “கன்சல்டன்ட் பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்கிறார்கள். ஒரு வருஷமாக என்னதான் பார்க்கிறார்? (குடியிருப்போர் சங்கச் செயலாளர், பெஸ்தாரி ஜெயா)

பதில்: உங்கள் நிலையத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் என் கதை ஒன்றைச் சொல்கிறேன், இதில் குற்றவாளி நானே.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பழைய நிலையம், இரண்டு பம்பு, ஒன்று ஓடும், ஒன்று துணைக்கு நிற்கும். கழிவுநீர் வந்து சேருகிற கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்கவே இறங்காது, பம்பு மட்டும் மணிக்கணக்காக ஓடிக்கொண்டே இருக்கும். தாமானில் வீடுகள் கூடிவிட்டன, பம்பு சின்னது, இவ்வளவுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவோடு ஆலோசகருக்கு ஆணை எழுதினேன்: “பம்புகளைப் பெரிதாக்க ஆய்வு செய்து மதிப்பீடு தரவும்.” அவர்களும் கேட்டதைச் செய்தார்கள். வீட்டுக் கணக்கு எடுத்தார்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர் என்று நம் நாட்டு விதிப்படி பெருக்கினார்கள், தடித்த அறிக்கை ஒன்று வந்தது, பெரிய பம்பு, பெரிய மின்பலகை, பெரிய தொகை.

அந்த அறிக்கை மேலிடத்துக்குப் போகிற வாரம் எங்கள் பழைய பம்பு ஆள் ஒருத்தர், பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனார். அது பம்பு தனி அறையில் இருக்கிற பழைய வகை நிலையம், அதனால் அச்சுத் தண்டு கண்ணுக்குத் தெரியும். ஒன்றாம் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. நின்றிருக்க வேண்டிய இரண்டாம் பம்பின் தண்டு மெதுவாகப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. விஷயம் அவ்வளவுதான். ஏற்றிய தண்ணீர் திரும்பி வராமல் தடுக்க இரண்டாம் பம்பில் இருக்கிற கதவு வால்வில் துணியும், குழந்தைக்குத் துடைக்கிற அந்த ஈரத்தாளும் கயிறாகத் திரித்துக்கொண்டு கதவை மூடவிடாமல் பிடித்திருந்தது. ஒன்று ஏற்றுகிற தண்ணீரில் பாதி இரண்டாவது வழியாகத் திரும்பக் கிணற்றுக்கே வந்துகொண்டிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்ய அரை நாள். (ஈரத்தாளைக் கக்கூஸில் போடாதீர்கள் என்று எத்தனை தடவை எழுதுவது!)

ஆலோசகரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “மட்டம் ஏன் இறங்கவில்லை என்று கண்டுபிடியுங்கள்” என்று ஒரு வரி எழுதியிருந்தால் முதல் நாளே பம்பு அறைக்குப் போயிருப்பார்கள். டிரெஸ்ஸர் “ஆபரேஷன் செய்ய வாருங்கள்” என்று சீட்டு அனுப்பினால் டாக்டர் கத்தியோடுதான் வருவார்.

ஆகவே நீங்கள் போய்க் கேட்க வேண்டியது ஒன்று: ஆலோசகருக்குக் கொடுத்த ஆணையில் என்ன கேள்வி எழுதியிருக்கிறது, எந்தத் தேதிக்குள் பதில் என்று இருக்கிறது? காட்டமாட்டேன் என்றால் வாயாலாவது சொல்லச் சொல்லுங்கள். உங்கள் ஊர் சிலாங்கூர் ஆற்றை ஒட்டியது. குடிநீர் எடுக்கிற இடத்துக்கு மேலே, சுத்திகரித்து ஆற்றில் விடுகிற நிலையம் என்றால் 2009 கழிவுநீர் ஒழுங்குமுறையின் ‘ஏ’ தரம், அதாவது பிஓடி (தண்ணீரில் உள்ள அழுக்கைக் கிருமிகள் தின்னத் தேவைப்படுகிற ஆக்சிஜன்) லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, மற்ற இடத்துக்கு 50 வரை. வழிகிற கழிவுநீர் எந்தச் சுத்திகரிப்பும் ஆகாத பச்சைக் கழிவு. புகார் கொடுக்கும்போது தேதி, நேரம், மழை பெய்ததா இல்லையா என்பதை எழுதுங்கள். மழை இல்லாத நாளிலும் வழிந்தால் கதை வேறு.

கேள்வி: படித்து முடித்து ஒரு கன்சல்டன்ட் கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். தினமும் எந்த வேலைக்கு எத்தனை மணி என்று எழுதச் சொல்கிறார்கள். “எட்டு மணி நேரத்தையும் எதிலாவது ஏற்றிவிடு” என்கிறார் மேலே இருப்பவர். பெயருக்கு முன்னால் தொழில்முறைப் பொறியாளர் என்கிற ‘ஐஆர்’ பட்டம் எப்போது வரும்? (இளம் வாசகர், ரவாங்)

பதில்: தம்பி, இரண்டாவதை முதலில் சொல்கிறேன். 1967 பொறியாளர் பதிவுச் சட்டப்படி பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்துகொள். குறைந்தது மூன்று வருஷ அனுபவம், தேர்வு, நேர்காணல் எல்லாம் முடிந்தால் ‘ஐஆர்’ வரும். 2015 திருத்தத்துக்குப் பிறகு அது மட்டும் போதாது, திட்ட வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுச் சமர்ப்பிக்கத் தொழில் நடத்தும் சான்றிதழ் தனியாக வேண்டும்.

முதல் விஷயம். ஆன் கால் வேலையில் அந்த மணிக்கணக்குத் தாள்தான் பில். எதிலாவது ஏற்றினால் அது ஊர்க்காரர் கட்டுகிற காசு. உன் கையெழுத்துள்ள தாள், தணிக்கைக்குப் போகிற நாளில் மேலே இருப்பவர் பக்கத்தில் நிற்க மாட்டார். செய்ததை மட்டும் எழுது, ஒன்றரை மணி என்றால் ஒன்றரை. வாயால் வந்த வேலை, வாட்ஸ்அப்பில் வந்த வேலை எதையும் எழுத்து ஆணை இல்லாமல் தொடாதே. நள்ளிரவில் குழாய் உடைந்து கூப்பிட்டால் போகத்தான் வேண்டும், ஒப்பந்தம் ஏற்கெனவே இருப்பதன் பயனே அதுதானே, ஆனால் விடிந்ததும் ஒரு பக்கமாவது எழுத்தில் வாங்கு.

இன்னொன்று, யாரும் சொல்லித்தராதது: மேன்ஹோலுக்குள் “ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வா” என்பார்கள். வாயு சோதனை ஆகாமல் தலையைக்கூட உள்ளே விடாதே. ஹைட்ரஜன் சல்பைடு கூடும்போது மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்கியவர்கள் திரும்பவில்லை.

கேள்வி: என் வீட்டு செப்டிக் டேங்கிலிருந்து நாற்றம். இதற்கும் கன்சல்டன்ட் வேண்டுமா? (வாசகி, தாப்பா)

பதில்: வேண்டாம், லோரி போதும். உரிமம் உள்ள ஆளைக் கூப்பிட்டு 2 ஆண்டுக்கு ஒரு தடவை கசடு எடுங்கள். கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று யோசித்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். லோரிக்குப் போன் செய்வதற்கு முன்னால் டேங்கின் மூடி எங்கே இருக்கிறது என்று தேடி வையுங்கள். போன வாரம் என் பக்கத்து வீட்டில் லோரி வந்து ஒரு மணி நேரம் நின்றது. மூடிக்கு மேலே அழகாக டைல்ஸ் ஒட்டி, அதற்கு மேலே துளசி மாடம் கட்டியிருக்கிறார்கள்.