கேளுங்க, கடை திறந்திருக்கு!

(வேலூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் வாசகர்களுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: சைக்கிளோடு விமானம் ஏறுவது.)

நாங்கள் நாலு பேர் வியட்நாமில் பத்து நாள் சைக்கிள் ஓட்டப் போகிறோம். நாலு சைக்கிளையும் பிரித்துப் பெட்டி கட்டித் தர எவ்வளவு கேட்பீர்கள்?
— குடியாத்தம் வாசகர்

காசும் வேண்டாம், அந்த வேலையும் வேண்டாம். இங்க நான் பிரிச்சுக் கொடுத்தா, ஹனோயில இறங்கினதும் திரும்பப் பூட்டறது யாரு?

கோபமா சொல்லல, பட்டுத்தான் சொல்றேன். 2018ல என் கடை வாடிக்கையாளர்கள் எட்டு பேரோட நானும் இலங்கைக்குப் போனேன். எட்டு சைக்கிளையும் ராத்திரியோட ராத்திரியா நானே பிரிச்சேன். யாரையும் கிட்ட விடல, தொழில்காரன் திமிர். கழட்டின சின்னச் சாமான் எல்லாத்தையும் அந்தந்தப் பெட்டிக்குள்ளயே போட்டேன். கொழும்புல பெட்டியைத் திறந்தா ஒரு சைக்கிளுக்கு முன் அச்சு இல்ல. அட்டைப்பெட்டியில தூக்கறதுக்கு கைப்பிடி ஓட்டை இருக்கும் பாருங்க, அது வழியா எங்கயோ விழுந்திருக்கு. இன்னொரு சைக்கிளோட அச்சைப் போட்டுப் பார்த்தா நீளம் சரியா இருக்கு, திருகு மரை வேற. அரை நாள் கடை கடையா அலைஞ்சோம். மீதி ஏழையும் நான் ஒருத்தனே பூட்டினேன். மத்தவங்க சுத்தி நின்னு தலைக்கு மேல குடை பிடிச்சாங்க.

அதனால நாலு பேரும் ஒரு ஞாயித்துக்கிழமை சைக்கிளோட கடைக்கு வாங்க. நான் ஸ்டூல் போட்டு உக்காருவேன், நீங்க பிரிப்பீங்க, திரும்பப் பூட்டுவீங்க. மூணு தடவை. மூணாவது தடவை நான் டீ குடிக்கப் போயிடுவேன்.

பெட்டிக்குச் செலவு வேண்டாம். புது சைக்கிள் வர்ற அட்டைப்பெட்டி எந்த கியர் சைக்கிள் கடையிலயும் கிடைக்கும், பாதி கடையில தூக்கிப்போடத்தான் வெச்சிருப்பாங்க. உங்க வீல் சைஸைச் சொல்லிக் கேளுங்க. முன் சக்கரத்தைப் பிடிக்கற ஃபோர்க்குக்கு நடுவுல வைக்கிற பிளாஸ்டிக் கட்டையும் அதோட வரும், அதை விட்டுடாதீங்க. சக்கரம் இல்லாத ஃபோர்க்கை ரெண்டு பக்கமும் அமுக்கினா வளைஞ்சிடும், அந்தக் கட்டைதான் தாங்கும். சைக்கிள் சட்டத்தைச் சுத்தறதுக்கு ஏசி மெக்கானிக் செம்புக் குழாய்க்குப் போடற கருப்பு நுரைக் குழாய் வாங்குங்க. ஒரு பக்கம் கத்தியால கீறினா சட்டைக் கை மாதிரி மாட்டிக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஆள் தெரிஞ்சா ஷூ கம்பெனியில வெட்டி மிஞ்சின ஃபோம் கேட்டுப் பாருங்க, அதைவிட நல்ல மெத்தை இல்ல.

பிரிக்கறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுங்க. சீட் கம்பி எந்த உயரத்துல இருக்குன்னு இன்சுலேஷன் டேப் ஒரு சுத்து ஒட்டுங்க. இதைச் செய்யாதவன்தான் மூணாம் நாள் முட்டி வலிக்குதும்பான்.

பெட்டிக்குள்ள முதல்ல அடி வாங்கறது பின் கியர். அது தொங்கற கொக்கி மெல்லிசு அலுமினியம். அடி பட்டா சட்டம் உடையாம தான் வளையட்டும்னே அப்படிச் செய்யறாங்க. கியரை ஒரு போல்ட்டுல கழட்டி, துணியில சுத்தி, சட்டத்துக்கு உள்பக்கமா கட்டுங்க. செயின்ல இருந்து எடுக்க வேண்டாம். அந்தக் கொக்கி சைக்கிளுக்குச் சைக்கிள் வேற, வெளியூர்ல கிடைக்காது. உபரியா ஒண்ணு கையில இருக்கட்டும். டிஸ்க் பிரேக்னா தட்டையும் கழட்டி ரெண்டு அட்டைக்கு நடுவுல வையுங்க. பிரேக் கட்டைகளுக்கு நடுவுல மடிச்ச அட்டை ஒண்ணு சொருகணும். சொருகாம யாராவது பிரேக்கை அமுக்கிட்டா கட்டைங்க ஒட்டிக்கும், அப்புறம் தட்டு நுழையாது.

சின்னச் சாமானை எல்லாம் ஒரு துணிப்பையில போட்டு, அந்தப் பையைச் சட்டத்தோட கட்டுங்க. கைப்பிடி ஓட்டையை உள்பக்கம் டேப் போட்டு அடைச்சிடுங்க. சொன்னேனே, கொழும்பு.

இடது பெடல் கழலவே மாட்டேன் என்கிறது. ஸ்பேனரில் குழாய் மாட்டி மிதித்தும் பார்த்துவிட்டேன்.
— ஆற்காடு வாசகர்

இறுக்கியிருக்கீங்க. இடது பெடலுக்கு எதிர் மரை. வலது, இடதுன்னு குழம்ப வேண்டாம், ஒரே கணக்கு போதும்: 15 நம்பர் ஸ்பேனரை மேல் நோக்கி மாட்டி, பின் சக்கரத்துப் பக்கமா இழுத்தா ரெண்டு பெடலும் கழலும். முன் சக்கரத்துப் பக்கம் தள்ளினா ரெண்டும் இறுகும். இப்ப நீங்க மிதிச்ச மிதிக்கு வீட்டுல கழலாது, கடைக்கு எடுத்துட்டு வாங்க. கழட்டினதும் மரையில கொஞ்சம் கிரீஸ் தடவிப் பூட்டுங்க, அடுத்த தடவை சமர்த்தா வரும்.

விமானம் மேலே போனதும் டயர் வெடிக்கும், காற்றை முழுக்க இறக்கிவிடு என்கிறார் நண்பர். உண்மையா?
— வாணியம்பாடி வாசகர்

வெடிக்காது. சாமான் அறையிலயும் காத்தழுத்தம் பராமரிக்கறாங்க. சுமார் 8,000 அடி மலை மேல நிக்கற மாதிரிதான் இருக்கும். அதனால டயர்ல 3, 4 பவுண்டு கூடின கணக்கு. ஆகாயத்துல காத்தே இல்லாத இடத்துக்குக் கொண்டு போனாலும் 15 பவுண்டுக்கு மேல கூட வழியில்ல. நம்ம ஊர் மே மாச வெயில்ல ரோட்டோரம் நிறுத்தற சைக்கிளை இவங்க பார்த்ததில்ல போல. ஆனா கவுன்டர்ல இருக்கறவர்கிட்ட பௌதிகம் பேசினா விமானம் போயிடும். இறக்கச் சொன்னா இறக்குங்க. முழுக்க இறக்காம, கட்டை விரலால அழுத்தினா அமுங்கற அளவு விடுங்க, ரிம்முக்கு அதுதான் மெத்தை.

எடை எவ்வளவு வரும்? பவர் பேங்க், காற்றடிக்கும் சிறு கேஸ் உருளை எல்லாம் பெட்டியிலேயே போடலாமா?
— காட்பாடி கல்லூரி மாணவி

பவர் பேங்க் கைப்பையிலதான்மா, பெட்டியில கூடவே கூடாது. 100 வாட்-ஹவர் வரைக்கும் அனுமதி. 20,000 எம்ஏஹெச் எழுதியிருந்தா 74 வாட்-ஹவர்தான் வரும், பயமில்ல. கேஸ் உருளையை விட்டுடுங்க. விதியில இடம் இருந்தாலும் விமான கம்பெனி சம்மதம் வேணும், சோதனையில நிக்கற ஆள் மனசும் வேணும். கைப்பம்பு போதும். ஸ்பேனர், ஆலன் கீ பெட்டிக்குள்ள போகட்டும். பேட்டரி சைக்கிளைப் பத்தி மூணு பேர் கேட்டிருக்காங்க: அந்த பேட்டரி பயணிகள் விமானத்துல ஏறாது, அங்கயே வாடகைக்கு எடுங்க.

எடைக்கு வருவோம். சைக்கிள் 12 கிலோ, அட்டைப்பெட்டி மூணு நாலு, ஃபோமும் சாமானும் ரெண்டு. பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு 23 கிலோ தர்றாங்க, மிச்ச இடத்துல ஷூவும் ரெண்டு துணியும் போகும். தெருமுனை பழைய பேப்பர் கடைத் தராசுல ஒரு தடவை நிறுத்துப் பாருங்க. நீளம், அகலம், உயரம் கூட்டினா சாதாரண லக்கேஜ் அளவான 158 சென்டிமீட்டரைத் தாண்டிடும். அதனால டிக்கெட் போட்ட கையோட கம்பெனிக்குச் சொல்லி, சைக்கிள்னு பதிவு பண்ணி, பதிலை எழுத்துல வாங்கிக்கோங்க. கவுன்டர்ல போய்ச் சொன்னா அவங்க சொல்றதுதான் ரேட்டு.

2027 பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் ஓட ஆசை. அங்கேயே வாடகை சைக்கிள் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லையே?
— ராணிப்பேட்டை வாசகர்

ஊர் சுத்தறதுக்குன்னா நானே வாடகைக்கு எடுக்கச் சொல்வேன். இது 1,200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். பழகாத சீட்டுல அவ்வளவு தூரம் உக்காந்தா திரும்பி வர்றப்ப விமானத்துல நின்னுட்டுத்தான் வரணும். 200, 300, 400, 600 கிலோமீட்டர் தகுதி ஓட்டங்களை எந்த சைக்கிள்ல முடிக்கறீங்களோ, அதையே எடுத்துட்டுப் போங்க. விலை கூடின சைக்கிள்னா பில் நகல் வெச்சுக்கோங்க. கிளம்பற அன்னிக்கே விமான நிலைய சுங்கத்துல காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிட்டா, திரும்பி வர்றப்ப அங்க வாங்கினதான்னு கேக்க மாட்டாங்க.

வேலூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குப் பெட்டியை எப்படிக் கொண்டு போவது?
— சத்துவாச்சாரி வாசகர்

வேன். சுமார் 130 கிலோமீட்டர், ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனி ஷிஃப்ட் மாறற நேரம் மாட்டினா கதை கந்தல். கார்னா டிக்கியை அளக்காதீங்க, கதவை அளங்க. பெட்டிக்கு வீட்டுல ஒரு சுத்து டேப் போதும், மீதி ரோலைக் கையில வெச்சுக்கோங்க. சோதனையில திறக்கச் சொன்னா மறுபடி ஒட்டணும்.

மகன் நியூசிலாந்துக்குச் சைக்கிள் கொண்டு போகிறான். அங்கே மண் கூட ஒட்டியிருக்கக் கூடாதாமே?
— திருப்பத்தூர் வாசகி

ஆமாங்கம்மா, மண், விதை, புல் எது ஒட்டியிருந்தாலும் நிறுத்திடுவாங்க. ஏலகிரி பதினாலு கொண்டை ஊசி வளைவும் ஏறின டயர்னா பள்ளத்துல மண் இல்லாமலா இருக்கும்? டயரைக் கழட்டிப் பழைய பல் தேய்க்கற பிரஷ்ஷால தேய்க்கச் சொல்லுங்க. மட்கார்டு உள்பக்கம், பெடல் இடுக்கு, ஷூ அடி, கூடார ஆணி வரைக்கும். கழுவினதும் ஒரு நாள் காயணும், ஈரத்தோட பெட்டி கட்டினா அட்டை ஊறிடும். நாட்டுக்குள்ள நுழையறதுக்கான படிவத்துல பழைய சைக்கிள் இருக்குன்னு அவனே எழுதிடட்டும். மறைச்சு மாட்டினாத்தான் அபராதம்.