மேஜர் ஜெனரலின் மெய்யெழுத்துகள்

அன்புள்ள ஐயா,

கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த ஆங்கில இசைநாடகங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் கேட்க ஆரம்பித்தேன். மெக்கரஸ் இசைக்குழுவை நடத்திய ‘பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்’ (டெலார்க், 1993) என்னிடம் இருக்கிறது. இன்னொன்று வாங்குவதென்றால் டெக்கா நிறுவனத்தின் 1957 பதிவா, 1968 பதிவா? வசனத்தோடு கேட்பது அவசியமா? இதே இருவரின் ‘மிகாடோ’வின் பழைய பதிவுகளில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் வருகிறதாமே, அவற்றைக் கேட்கலாமா?

பி.கு.: நண்பர் ஒருவர் 1929 எச்.எம்.வி. பைரேட்ஸின் ஒலிக்கோப்பு ஒன்றைக் கொடுத்தார். ஒரே இரைச்சல். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் போட்டு இரைச்சல் மொத்தத்தையும் எடுத்துவிட்டேன். இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் மேஜர் ஜெனரலாக வரும் ஜார்ஜ் பேக்கர் முணுமுணுக்கிறார். இவரை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் முக்கியமானது பின்குறிப்புதான். மேலே உள்ள மூன்று கேள்விகளுக்கும் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லிவிடுவார்கள். பின்குறிப்பைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. சில வாரங்களாக மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயத்துக்கு நீங்களே வந்து உதாரணமாக நிற்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் சந்தோஷமும்.

பேக்கர் முணுமுணுக்கவில்லை. அவர் வாயிலிருந்து மெய்யெழுத்துகளைப் பிடுங்கியது நீங்கள். துணியைத் துவைக்கிறேன் என்று சாயத்தையும் சேர்த்துப் போக்கிவிட்டு, நெசவாளியைக் குறை சொல்கிறீர்கள்.

பழைய இசைத்தட்டின் இரைச்சலை நாம் எப்படிச் சொல்கிறோம்? ‘உஸ்’ஸென்று இரைகிறது என்கிறோம். அந்த ‘ஸ்’தான் பாடகன் சொல்லும் ‘ஸ்’ஸும். ஸ், ஃப், ஷ் மூன்றும் சுரம் இல்லாத வெறும் காற்றின் உராய்வு. மென்பொருளின் காதுக்கு அதற்கும் தட்டின் உஸ்ஸுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நீங்கள் ஓர் இரைச்சல் மாதிரியைக் காட்டி ‘இதை எடு’ என்கிறீர்கள். அது விசுவாசமாக எல்லா உஸ்ஸையும் எடுக்கிறது. ‘ஸ்’ஸின் வலு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. பழைய லேண்ட்லைன் போன் 3,400 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதனால்தான் பெயரை எழுத்துக் கூட்டும்போது எஸ்ஸா, எஃப்பா என்று மறுமுனையில் இரண்டு தரம் கேட்டார்கள். 1929 தட்டு அதைவிட மேல், ஆனால் 5,000, 6,000 ஹெர்ட்ஸைத் தாண்டி அதிகமாக எதுவும் இல்லை. மெய்யெழுத்தின் வாலைத்தான் பிடித்திருக்கிறோம். அந்த வாலையும் நறுக்கிவிட்டீர்கள்.

வேறு ஆபராவாக இருந்தால் இவ்வளவு பேசமாட்டேன். இத்தாலியரான வெர்டியின் ஆபராவில் நீண்ட சுரத்தைத் தாங்குவது உயிரெழுத்து. கொஞ்சம் மெய் தேய்ந்தாலும் பாட்டு நிற்கும். கில்பர்ட்டின் வேகப்பாட்டில் மெய்தான் உயிர். மேஜர் ஜெனரல் பாட்டின் ஒரு வரியில் பதினாறு சிலபிள் (நம் யாப்பின் அசையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). சிலபிளுக்கு ஒரு சின்ன சுரம், இழுக்க இடமே கிடையாது. மெட்டும் ஒரு சில சுரங்களுக்குள்ளேயே சுற்றுகிறது. சல்லிவன் வேண்டுமென்றேதான் அப்படிப் போட்டார், சொல் கேட்க வேண்டும் என்று. லண்டனில் இந்த வேடத்தை முதலில் போட்ட ஜார்ஜ் கிராஸ்மித் பெரிய குரல்காரர் அல்ல. பியானோவில் உட்கார்ந்து தனியாக நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தி வந்தவர். குரல் வளத்துக்காக அவரை எடுக்கவில்லை.

ஒரே ஒரு வரியை எடுத்துப் பாருங்கள்: ‘ஐ நோ த ஸயன்டிஃபிக் நேம்ஸ் ஆஃப் பீயிங்ஸ் அனிமல்க்யுலஸ்’. இதில் எத்தனை ஸ், எத்தனை ஃப் என்று விரல் விட்டு எண்ணுங்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்கள் ‘முணுமுணுப்பு’ வந்துவிடும்.

ஆகவே முதலிலிருந்து செய்யுங்கள். சுத்தம் செய்யாத மூலக் கோப்பைத் திறந்து, கிளிக், பொட்டு சத்தங்களை முதலில் எடுங்கள். இரைச்சல் நீக்கத்துக்கு முன்பே இது நடக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒவ்வொரு கிளிக்கும் பரந்து தேய்ந்து ‘தொப்’ என்று மாறி உட்கார்ந்துகொள்ளும். கோப்பு ஸ்டீரியோவாக இருந்தால் இடது வலது இரண்டையும் கலந்து மோனோ ஆக்குங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் இந்தப் பழைய தட்டில் ஒலி பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. மேல்கீழ் அசைவில் வருவதெல்லாம் குப்பை. கலக்கும்போது அது தானாகக் கழிந்துவிடும். இந்த ஒரு வேலைக்கே பாதி எரிச்சல் அடங்கும். பள்ளத்தின் ஒரு சுவர் மட்டும் தேய்ந்த தட்டாக இருந்தால் கலக்காமல், நல்ல பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வேகம். இந்த மேஜர் ஜெனரல் பாட்டு இ ஃப்ளாட் மேஜர் என்ற சுருதியில் இருக்கிறது. போனில் ட்யூனர் செயலியை வைத்துக் கடைசிச் சுரத்தைப் பாருங்கள். அரைச்சுரம் மேலே காட்டினால் தட்டு ஏறக்குறைய 6 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. அந்த வேகத்தில் ஜெனரல் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கீச்சிடுவார்.

அடுத்தது பலரும் கோட்டைவிடும் இடம். நண்பர் தட்டை பின்னாளில் வந்த எல்.பி. தட்டுக்கான சாதாரண ஃபோனோ ப்ரீஆம்ப் (தட்டின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவி) வழியாகக் கணினியில் ஏற்றியிருந்தால், அதற்குள் எல்.பி.க்கென்று வகுத்த ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒலிச் சமன் வளைவு உட்கார்ந்திருக்கும். அது 5,000 ஹெர்ட்ஸில் 8 டெசிபெல்லும் 10,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 14 டெசிபெல்லும் குறைத்துவிடும். எல்.பி.யை வெட்டும்போதே அந்த அளவுக்கு மேலே ஏற்றி வெட்டுகிறார்கள், அதனால் கணக்கு நேராகிறது. 1929 தட்டில் அப்படி ஏற்றி வெட்டவில்லை. விளைவு, அடித்தொண்டை தடித்து, மேலே போர்வை போட்ட குரல். நீங்கள் கையை வைப்பதற்கு முன்பே ஒரு திருட்டு நடந்திருக்கலாம் என்கிறேன். ஈக்வலைசரில் 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் 8 டெசிபெல் ஏற்றிப் பாருங்கள். இரைச்சலும் கூடும், கூடட்டும்.

இத்தனைக்கும் பிறகுதான் இரைச்சல் நீக்கம். தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும், பாட்டு தொடங்கும் முன் முள் ஓடும் அந்த ஒன்றிரண்டு நொடியிலிருந்து தனி மாதிரி எடுங்கள். முதல் பக்கத்து மாதிரியை வைத்து அத்தனை பக்கங்களையும் தேய்க்காதீர்கள். 6 டெசிபெல் குறைத்தால் போதும். ஆடாசிட்டியில் ‘ரெசிட்யூ’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. நீக்கப்போவதை மட்டும் தனியாகக் கேட்கவைக்கும். அதில் வெறும் உஸ் மட்டும் கேட்டால் சரி. உஸ்ஸுக்கு நடுவே யாரோ கிசுகிசுப்பது போலக் கேட்டால் அதுதான் பேக்கர். அங்கேயே நிறுத்துங்கள்.

இப்படிச் செய்தால் கோப்பு கண்ணாடி மாதிரி இருக்காது. மழை பெய்யும்போது தாழ்வாரத்தில் உட்கார்ந்து பேச்சுக் கேட்பது போல இருக்கும். பத்து நிமிடத்தில் காது மழையை மறந்துவிடும். இல்லாத சொல்லை எந்தக் காதும் சேர்த்துக்கொள்ளாது.

பேக்கரை ஏன் புகழ்கிறார்கள் என்றா கேட்டீர்கள்? 1961-இல் எச்.எம்.வி. மறுபடி ஒரு பைரேட்ஸ் வெளியிட்டது. நடத்தியவர் 1929-இல் நடத்திய அதே மால்கம் சார்ஜென்ட், மேஜர் ஜெனரல் அதே ஜார்ஜ் பேக்கர். பிறந்தது 1885-இல், அப்போது எழுபதைத் தாண்டிவிட்டவர். இந்த நாடகங்களை மேடையேற்றிவந்த டாய்லி கார்ட் குழுவில் மேடை ஏறியவரும் அல்ல, ஒலிப்பதிவுக் கூடத்துக்காரர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். குரல் காய்ந்துவிட்டது, மூச்சும் குட்டை. ஆனால் ‘லாட் ஓ நியூஸ்’ என்று சொல்லிவிட்டு எதுகை தேடித் தடுமாறி ‘ஹைபாட்டனியூஸ்’ என்று பிடிக்கும் இடத்தில் ஒரு மெய்கூடச் சிந்தவில்லை. சார்ஜென்டின் கைதான் கனத்துவிட்டது. காதல் பாட்டுகளில் அந்தப் பாரம் நன்றாகத் தெரியும்.

மற்ற கேள்விகள். மிகாடோ விஷயத்தில் என்னிடம் அனுமதி கேட்காதீர்கள். 1936 பதிவில் அந்தச் சொல் இருக்கிறது. 1948-இல் குழுவின் உரிமையாளர் ரூபர்ட் டாய்லி கார்ட் கேட்டுக்கொண்டதால் எழுத்தாளர் ஏ. பி. ஹெர்பர்ட் இரண்டு இடங்களிலும் வரியை மாற்றிக் கொடுத்தார். 1950 டெக்காவிலிருந்து மாறிய வரிகள்தான். மிகாடோவாக வரும் டாரல் ஃபேன்கோர்ட்டின் புகழ்பெற்ற சிரிப்புக்காகக் கேட்கிறீர்கள் என்றால் 1950-லேயே கேட்டுக்கொள்ளலாம்.

டெக்காவில் 1968-ஐ வாங்குங்கள். 1957-இல் வசனம் இல்லை. கொள்ளையர்கள் அநாதைகளை விட்டுவிடுவார்கள் என்று தெரிந்து தானும் அநாதை என்று ஜெனரல் புளுகும் கட்டத்தில், ‘ஆர்ஃபன்’ என்றால் பெற்றோரை இழந்தவனா, அல்லது அடிக்கடி என்று பொருள்படும் ‘ஆஃபன்’னா என்று அவரும் கொள்ளையர் தலைவரும் மல்லுக்கட்டும் வேடிக்கை முழுக்க வசனத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து மேட்டுக்குடி ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும். ஜெனரலாக ஜான் ரீடும் தலைவராக டொனால்ட் ஆடம்ஸும் அதை நிதானமாகச் செய்கிறார்கள். ஆடம்ஸ்தான் 1957-லும் கொள்ளையர் தலைவர். உங்களிடம் இருக்கும் 1993 சிடியிலும் அவரேதான். அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

மூலக் கோப்பை அழித்துவிடவில்லையே? அழித்திருந்தால் நண்பரிடம் மறுபடி வாங்குங்கள். அப்படியே எந்த முள்ளில் ஓட்டினார் என்றும் கேளுங்கள். 78 தட்டுக்கு முள்முனை 65 முதல் 75 மைக்ரான் வரை இருக்க வேண்டும். எல்.பி. முள் அதில் மூன்றில் ஒரு பங்குதான். பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியைத்தான் அது படித்துக்கொண்டு போகும்.