அச்சில் தெரியாத பென்சில் கோடு

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் ஆறு மாதமாக லினோகட் பழகுகிறேன், லினோலியத் துண்டை உளியால் தோண்டி மை தடவி அச்செடுக்கும் கலை. பென்சிலில் வரைந்து காட்டாமல் உளியைத் தொடவே எங்கள் ஆசிரியர் விடுவதில்லை. அந்தக் கோடு ஒன்றுகூட அச்சில் தெரியப்போவதில்லையே? டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் நேராகத் தகட்டிலேயே வரைந்தார் என்று படித்தேன். நானும் அப்படிச் செய்தால் என்ன?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நீங்கள் படித்தது பெரும்பாலும் சரி. ரெம்பிராண்டின் எட்சிங்குகள், அதாவது உலோகத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து எடுத்த அச்சுகள், சுமார் 300. முன்வரைவு கிடைத்திருப்பவை மிகச் சில. ஆனால் அவரிடம் இருந்தது செப்புத்தகடு. மெழுகுப் பூச்சின்மேல் ஊசி பென்சில் மாதிரியே ஓடும், தப்பான கோட்டைத் தேய்த்துச் சமன்செய்யவும் வழியுண்டு. அவரே 1647இல் தன் நண்பர் யான் சிக்ஸின் உருவத்துக்குத் தனியாக வரைந்து பார்த்து, அந்தக் கோடுகளைக் கூர்முனையால் அழுத்தித் தகட்டுக்கு மாற்றினார். லினோவில் தோண்டியது தோண்டியதுதான். அதுவும் நம் வேலூர் வெயிலில் லினோ இளகி, உளி நினைத்த இடத்தில் நிற்காது.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தை அச்சாக்க நினைத்து மூன்று காலை அங்கே உட்கார்ந்தேன். முதல் நாள் யாளியின் பல், பிடரி, வீரனின் இடைக்கச்சை என ஒன்று விடாமல் வரைந்தேன். இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள்தான் தூண்களுக்கு நடுவே கிடந்த இருட்டு கண்ணில் பட்டது. அதை மட்டும் 6பி பென்சிலால் நிரப்பினேன். யாளி தானாக எழுந்து நின்றது! உளியோடு போயிருந்தால் முதல் நாள் பல்லோடு நின்றிருப்பேன்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பென்சில் சாம்பல் நிறத்தை அள்ளிக் கொடுக்கும், லினோவில் கறுப்பும் வெள்ளையும்தான். நிழலைத் தேய்த்து மெழுகிவிட்டால் வெட்டும்போது கை திணறும். அதனால் பென்சிலுக்கு அப்புறம் அதே படத்தைத் தூரிகையும் கறுப்பு மையும் வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். நிழல் வேண்டிய இடத்தில் எத்தனை கோடு, எவ்வளவு இடைவெளி என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

அப்புறம், அச்சில் இடம் வலமாகும். டிரேசிங் பேப்பரில் மென்மையான பென்சிலால் வரைந்து, லினோமேல் கவிழ்த்து, கரண்டியின் முதுகால் தேயுங்கள். கரி அப்படியே இறங்கும். லினோவில் திரும்பி நிற்கும் படம் காகிதத்தில் நேராக வரும். ஊர்ப்பெயர் எழுதிய பலகை படத்தில் இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

அச்சு எடுத்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், அந்த டிரேசிங் பேப்பரோடு.