முதுகுத்தண்டு ஆபரேஷனை ரோபோ செய்யுமாமே, அப்பாவுக்கு நம்பிச் செய்யலாமா?

முதலில் ஒன்று: ரோபோ செய்யாது, டாக்டர்தான் செய்வார். இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எங்கள் அத்தை மாதிரி யாராவது, "பெத்தவள மெஷின்கிட்ட ஒப்படைச்சுட்டாளே" என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லித் தீர்ப்பார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மாவுக்குக் கீழ்முதுகில் எல்4 என்கிற எலும்பு முன்பக்கம் நழுவியிருந்தது. தெருமுனை வரை நடப்பதற்குள் கால் மரத்துவிடும். மாத்திரை, பிசியோதெரபி, முதுகில் ஊசி எல்லாம் பார்த்துவிட்டுத்தான் இந்த ஆபரேஷனுக்குச் சம்மதித்தோம். நழுவிய எலும்பை ஸ்க்ரூ போட்டு நிறுத்துவார்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவும் எவ்வளவு நீளம், எந்தக் கோணம் என்று டாக்டர் சி.டி. ஸ்கேனை வைத்து முன்கூட்டியே குறித்திருந்தார். ஸ்க்ரூ போகும் எலும்பு சுண்டுவிரல் தடிமன்தான், ஒட்டியே நரம்பு. சின்னத் துளை வழியாகச் செய்வதால் எலும்பு கண்ணுக்குத் தெரியாது. அதனால் ரோபோவின் இயந்திரக் கை, டாக்டர் குறித்த கோணத்தில் ஒரு குழாயை அசையாமல் பிடித்துக்கொள்ளும். அதன் வழியே துளைபோட்டு ஸ்க்ரூவை முடுக்குவது டாக்டர்.

அம்மா முதுகில் சின்னச் சின்ன பிளாஸ்திரிகள்தான். ஆனால் இயந்திரம் இடம் தெரிந்துகொள்வதற்காக இடுப்பெலும்பில் ஒரு பின் செருகியிருந்தார்கள். அம்மா அதிகம் முனகியது அந்த இடத்துக்குத்தான். இதை யாரும் எங்களிடம் முன்பே சொல்லவில்லை.

நான் டாக்டர் இல்லை, எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் செய்யவும் இல்லை. கையாலேயே நன்றாகப் போடுகிறார்களே என்பீர்கள். உண்மைதான். 2012-ல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில் கையால் போட்ட ஸ்க்ரூக்களில் 93 சதவீதம் சரியாக அமர்ந்தன, ஸ்பைன்அசிஸ்ட் ரோபோ உதவியோடு போட்டதில் 85தான். அது பழைய மாடல், 2004-லேயே அமெரிக்க அனுமதி வாங்கியது. பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில் ரோபோ பக்கம் முடிவு நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் இந்த இயந்திரத்தில் டாக்டர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், நடுவில் அது மக்கர் செய்தால் கையால் முடிப்பாரா என்று நேராகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் இன்சூரன்ஸ். ரோபோ சிகிச்சையைப் பாலிசியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் சொன்னது, ஆனால் உச்சவரம்பு வைக்க வழிவிட்டது. பல கம்பெனிகள் ஒரே மாதிரி விதிகளோடு விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் காப்பீட்டுத் தொகையில் பாதி வரைதான் கிடைக்கும். எங்கள் பாலிசியிலும் அப்படியொரு வரி எங்கோ மூலையில் இருந்திருக்கிறது. டிஸ்சார்ஜ் அன்று அம்மாவை வீல்சேரில் உட்காரவைத்துக்கொண்டு பில்லிங் கவுண்டரில் இருட்டும்வரை நின்றேன். வருஷா வருஷம் பிரீமியம் கட்டுகிறவர்களிடம் விற்கும்போதே இதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? நீங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன் அனுமதி கேட்கும்போதே ரோபோவுக்கு எவ்வளவு தருவார்கள் என்று தனியாக எழுதி வாங்கிவிடுங்கள்.