சுத்தியலுக்கு மசியாத ஹப்

கேள்வி: முல்லைத்தீவில் கடற்கரைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா விட்டுச்சென்ற மொரிஸ் மைனர் 1000 பல மாரிகளாகக் கொட்டிலுக்குள் நின்றது. லண்டனில் இருக்கும் சித்தப்பா அதன் முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் கிட் அனுப்பியிருக்கிறார். சில்லைத் தாங்கிச் சுழலும் குடமான பழைய ஹப்பில், சில்லைப் பூட்டும் மரையாணிகளான ஸ்டட்களை நீளமான புதியவையாக ஏற்றி டிஸ்க்கைப் பூட்ட வேண்டுமாம். கராச்சில் பழைய ஸ்டட்களும் பெயரிங்கின் வெளிவளையமும் வர மறுத்துவிட்டன. இரண்டு நாள் சுத்தியலால் அடித்ததில் ஒரு ஹப்பின் விளிம்பு வளைந்துவிட்டது. "பழைய சாமான் என்றால் அப்படித்தான், வேறு ஹப் வாங்கி வாருங்கள்" என்கிறார்கள். கூலியும் கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக இரண்டு ஹப்களையும் அந்தக் கராச்சிலிருந்து எடுத்துக்கொண்டு வாருங்கள். வளைந்ததையும் சேர்த்துத்தான்.

இப்படி இறுக்கிப் பொருத்தும் பாகங்களுக்குத் துளையைப் பாகத்தைவிட ஒரு மயிரிழை சிறிதாகக் கடைந்திருப்பார்கள். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடத்தைப் பிடிக்கும் என்பதால், கடற்காற்றில் ஆண்டுக்கணக்காக நின்ற காரில் அந்தப் பிடி இன்னும் இறுகியிருக்கும். சுத்தியல் அடி நேராக இறங்குவது அபூர்வம். சற்றே சரிந்து விழுந்தாலும் ஸ்டட் கோணலாகச் சிக்கும், மிச்ச வேகத்தை விளிம்பு வாங்கிக்கொள்ளும். உங்கள் ஹப்புக்கு நடந்தது இதுதான்.

நல்ல ஹப்பை, எண்ணெய் அழுத்தத்தால் பாகங்களை நேராக அமுக்கும் ஹைட்ரோலிக் பிரஸ் வைத்திருக்கும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். உழவு இயந்திரங்களுக்கும் நெல் ஆலைகளுக்கும் வேலை செய்கிறவர்களிடம் விசாரியுங்கள். பரந்தன், கிளிநொச்சிப் பக்கம் போக நேர்ந்தாலும் பஸ் காசு வீண்போகாது, ஹப் மடியில் வைத்துக் கொண்டுபோகக்கூடிய சாமான்தானே. போவதற்கு முன் டீசலிலோ துரு இளக்கும் ஒயிலிலோ இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பட்டறையில் கேட்க வேண்டியது ஒன்று: ஸ்டட்டின் தலை இறங்குமளவுக்கு மட்டும் அகலமான குழாய்த்துண்டை விளிம்புக்கு நேர் கீழே முட்டுக்கொடுப்பார்களா? அந்த முட்டு இல்லாவிட்டால் பிரஸ்ஸும் விளிம்பை வளைத்துவிடும். சில பழைய கார்களில் ஸ்டட்டின் கழுத்தை அடித்து விரித்து ஹப்போடு பூட்டியிருப்பார்கள். அப்படியிருந்தால் விரிந்த பகுதியை முதலில் கடைந்து எடுக்க வேண்டும். அப்படியே அமுக்கினால் துளை பெரிதாகிப் புது ஸ்டட் ஆடும்.

வெளிவளையத்துக்கு அழகான வழி ஒன்று உண்டு. அதன் உட்புறத்தில் சுற்றிவர மெல்லிய வெல்டிங் கோடு ஒன்று போடச் சொல்லுங்கள். ஆறும்போது வளையம் சுருங்கும், பல வேளைகளில் தானாகவே கழன்று விழும். வளையம் எப்படியும் வீசப்போவதுதான், வெல்டிங் ஹப்பில் படாமல் இருந்தால் போதும். ஹப்பையே கேஸ் விளக்கால் சிவக்கக் காய்ச்ச யாராவது முன்வந்தால் தடுத்துவிடுங்கள். உயிரைத் தாங்கும் உலோகத்தின் குணத்தை மாற்றிவிட்டுப் பிரேக்கை மட்டும் புதிதாக்கி என்ன பயன்?

புதியதை ஏற்ற சுத்தியலே வேண்டாம். வளையத்தை ஓர் இரவு ஃபிரீசரில் வையுங்கள். கிரீஸ் போகக் கழுவிய ஹப்பைக் கொதிநீரில் போட்டெடுத்து உடனே துடையுங்கள். 60 மில்லிமீட்டர் குறுக்களவு என்று வைத்துக்கொண்டால் வளையம் ஏறத்தாழ 0.035 மில்லிமீட்டர் சுருங்கும், துளை 0.045 மில்லிமீட்டர் விரியும். அநேகமாகக் கையாலேயே இறங்கிவிடும், ஆனால் சில விநாடிகளுக்குள் முடிக்க வேண்டும். ஸ்டட்களைப் பிரஸ்ஸில்தான் ஏற்ற வேண்டும். ஓடத் தொடங்கி 100 கிலோமீட்டருக்குள் சில்லு நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பூசிய பாகத்தில் வெல்டிங் வைத்தால் நச்சு வாயு கிளம்பும்.

இனிக் காசு. ஹப்பை வளைத்தவர்களே புது ஹப்புக்கும் கூலிக்கும் கை நீட்டுவதை நான் ஏற்கமாட்டேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்பது அதில் அடங்கியது. முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் பேசிப்பாருங்கள். இருந்தாலும் நம் ஊரில் அடுத்த வாரமும் அதே மனிதரைச் சந்தையில் பார்க்கத்தான் போகிறீர்கள். ஆகவே நேரில் போய், கழற்றிய கூலியைத் தருகிறேன், ஹப்பின் விலையில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். கொடுக்கும் காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தீரும்வரை வளைந்த ஹப்பைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், உங்கள் சாட்சி அதுதான்.

மைனருக்கு இங்கிலாந்தில் இன்னும் புது உதிரிப்பாகங்கள் செய்கிறார்கள். சித்தப்பாவிடம் ஹப் கேட்கும்போது இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரில் முட்டாமல் உங்கள் சில்லு சுழலுமா? பிரேக் மிதி அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள், பழைய டிரம் பிரேக்குக்காக வைத்திருக்கும் அழுத்த வால்வை மாற்ற வேண்டுமா? அதை மறந்தால் டிஸ்க் எப்போதும் உரசிச் சூடேறும்.

என்னைக் கேட்டிருந்தால், நல்ல கட்டைகளும் புது வீல் சிலிண்டர்களும் போட்ட டிரம்மே போதும் என்றிருப்பேன். பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் இருமி இருமி வன்னி முழுக்க ஓடிய கார்கள் டிரம்மில்தான் நின்றன. ஆனால் ஏ9 வீதியில் இன்றுள்ள வேகத்தையும் அந்தியில் குறுக்கே வரும் மாடுகளையும் நினைத்தால், கிட் வந்த பிறகு வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

கேள்வி: பிரேக் ஒயில் பெரிய தகரத்தில் வாங்கினால் மலிவு. வாங்கலாமா? அதில் டொட் 5 என்ற வகைதான் உயர்ந்ததாமே?

பதில்: வேண்டாம். திறந்துவைத்த டொட் 4 காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், மாரியில் கேட்கவே வேண்டாம். முத்திரை உடையாத சிறு போத்தலாக வாங்குங்கள். டொட் 5 சிலிக்கோன் வகை, டொட் 3, டொட் 4 இரண்டோடும் கலக்கக் கூடாது. டொட் 5.1 என்பது வேறு, அதை டொட் 4 உடன் கலக்கலாம். கடைக்காரர் டொட் 5உம் 5.1உம் ஒன்றுதான் என்றால் வேறு கடை பாருங்கள்.