பின் சக்கரத்து பிஸ்டன் ஏன் அசையவில்லை?

கேள்வி: அண்ணே, என்னிடம் 1999 மாஸ்டா எம்எக்ஸ்-5 காடி (கார்) இருக்கிறது. முன் சக்கரங்களுக்கு வீட்டு வாசலிலேயே பிரேக் பேட் மாற்றிவிட்டேன். பின்னால்தான் சிக்கல். சி-கிளாம்ப் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் பேட்டைத் தள்ளும் பிஸ்டன் உள்ளே போகவில்லை. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் பேட்டை அழுத்துகிற கேலிப்பர் போய்விட்டதா? இன்னும் பலமாக அழுத்தலாமா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: வேண்டாம் தம்பி, கிளாம்பைக் கழற்றுங்கள். கேலிப்பர் நன்றாகத்தான் இருக்கும். இந்தக் காடியில் ஹேண்ட் பிரேக் கேபிள் பின் கேலிப்பரைத்தான் இழுக்கிறது. அதற்காக பிஸ்டனுக்குப் பின்னால் மரை வைத்திருக்கிறார்கள். மரையில் நிற்பதைத் திருகாமல் தள்ளினால் எப்படிப் போகும்? மேலும் அழுத்தினால் உள்ளிருக்கும் அட்ஜஸ்டர் கெடும். அப்புறம் நிஜமாகவே கேலிப்பர் வாங்கவேண்டி வரும்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காடியை ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜேக்கை மட்டும் நம்பாதீர்கள். பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். கேலிப்பரின் முதுகில் 14 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று இருக்கும். எதையோ தாங்குகிற மாதிரி தெரியும், ஆனால் வெறும் மூடிதான். அதைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீட்டர் அலன் கீ உட்காரும். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள், பிஸ்டன் சாதுவாகப் பின்வாங்கும். புது பேட் போட்டதும் மறுபக்கம் திருப்பி, டிஸ்க் கையால் சுற்ற முடியாமல் பிடித்தவுடன் மூன்றில் ஒரு சுற்று தளர்த்துங்கள். மூடியை மறுபடி போடுங்கள். பினாங்கு கடற்காற்றும் மழையும் அந்தக் குழிக்குள் போனால் துருப் பிடித்துவிடும்.

பிஸ்டன் பின்வாங்கும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும். பெயிண்டில் வழிந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கேலிப்பரை பிரேக் ஆயில் ஹோஸிலேயே தொங்கவிடுகிறார்களே சிலர், பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு துண்டுக் கம்பியில் கட்டிவைத்தால் என்ன குறைந்துவிடும்?

வேலை முடிந்ததும் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். முதல் மிதி தரை வரை போகும். அது வீட்டு வாசலில் நடக்கட்டும், சாலை விளக்கில் வேண்டாம். பிறகு காலி சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை, நிற்காமல், பல தடவை குறைத்து பேட்டைப் பழக்குங்கள். தெலுக் பஹாங் – பாலிக் புலாவ் வளைவுகளெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கேள்வி: கெந்திங் மலை இறக்கத்துக்காக டாட் 4 ரக பிரேக் ஆயிலை விட்டு டாட் 5 ஊற்றலாமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: கூடாது. டாட் 5 சிலிகான் வகை, உங்கள் டாட் 4-உடன் கலக்காது. பெயரில் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் 5.1 கலக்கும். உங்களுக்கு அதுவும் தேவையில்லை. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறியதும் அது 155 வரை இறங்கலாம். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள், இறக்கத்தில் கியரைக் குறையுங்கள்.